பதினான்கு பச்சைப் புள்ளிகள்

காலை பதினொன்று பத்துக்கு எல்லாம் கெட்டது என்று என் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அது சரியில்லை. பதினொன்று பத்து எனக்குத் தெரிய வந்த நேரம். கெட்டது ஒன்பது நாற்பத்திரண்டுக்கு. இன்னும் கறாராகப் பார்த்தால், அதற்கு ஓராண்டு முன்னால் ஒரு மத்தியானம், கேண்டீனில் சாப்பாடு தீர்ந்துவிடுமே என்ற அவசரத்தில் ஓர் அறிக்கையில் நான் கையெழுத்துப் போட்டபோதே கெட்டுவிட்டது.

புதிதாக வந்திருக்கும் நீங்கள் நான்கு பேரும் இப்போது செய்யும் வேலையைத்தான் நான் பதினாறு ஆண்டுகள் செய்தேன். யாரோ எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் திறந்து வைத்திருக்கும் மென்பொருளை எடுத்து நம் செயலிக்குள் வைக்கிறோம். வைப்பதற்கு முன் அந்தத் திட்டம் உயிரோடு இருக்கிறதா, அதைக் கவனிக்க ஆள் இருக்கிறதா, நாளை ஒரு கோளாறு என்றால் யார் வருவார்கள் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். பார்ப்பதற்கான பட்டியல் உங்கள் மேசையில் இருக்கும். அதன் முதல் வடிவம் நான் எழுதியது. அந்தப் பட்டியலில் ஒரு கட்டம்கூட விடாமல் நிரப்பிய பிறகுதான் என் மகள் மூன்று மணி நேரம் காணாமல் போனாள். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பழவேற்காடு மீனவர்களுக்காக நாம் செய்த செயலி உங்களுக்குத் தெரியும். படகில் ஒரு போன் இருக்கும். அது படகின் இடத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும். கரையில் இருப்பவர்கள் மேப்பில் பார்ப்பார்கள். சிக்னல் இருந்தால் புள்ளி பச்சை, இல்லையென்றால் சாம்பல். லைட்ஹவுஸ் குப்பத்தில் முதலில் பதினான்கு ஃபைபர் படகுகளில் வைத்தோம். சிக்னல் போகும்போது இடத்தைச் சேமித்து, வரும்போது அனுப்பும் பகுதி, போனில் பாதியும் சர்வரில் பாதியுமாக ஓடுவது, அது மட்டும் நாம் எழுதியது அல்ல. அதற்கு இப்படித் திறந்து வைத்த இரண்டு திறமூலத் திட்டங்கள் இருந்தன. ஒன்றைப் பெரியது என்றும் மற்றதைச் சின்னது என்றும் சொல்லிக்கொள்கிறேன்.

பெரியது கல்யாண வீடு மாதிரி இருந்தது. பிடித்திருக்கிறது என்று ஆயிரக்கணக்கானோர் நட்சத்திரம் போட்டிருந்தார்கள். தினமும் நிரலில் ஏதாவது ஒரு மாற்றம். வந்த புகார்களில் பெரும்பாலானவை தீர்ந்து மூடப்பட்டதாக இருந்தன. சின்னதில் ஏழு மாதமாக ஒரு வரிகூட மாறவில்லை. பார்த்துக்கொள்பவர்கள் இரண்டே பேர். முகப்பிலேயே ‘இந்த மாதம் பொறுப்பில் இருப்பவர்’ என்று ஒரு பெயர், அடுத்த மாதம் இன்னொரு பெயர். எனக்கு அது வாசல் பெருக்க முறை வைத்த மாதிரி தோன்றியது. பெரியதற்கு ‘உயிரோட்டம் மிக நன்று’ என்றும் சின்னதற்கு ‘கைவிடப்பட்டது போலும்’ என்றும் எழுதிவிட்டுச் சாப்பிடப் போனேன். பெரியதுதான் செயலிக்குள் போனது.

இந்த இடத்தில் என் இன்னொரு சாதனையையும் சொல்லிவிடுகிறேன். தனம் இன்றைக்கும் அதை வைத்துத்தான் என்னைக் கிண்டல் செய்கிறாள். தனம் லைட்ஹவுஸ் குப்பத்துக்காரி, என் வயது. அவள் புருஷன் ஏழுமலை படகு ஓட்டுபவர். என்னை ‘மேடம்’ என்று கூப்பிட்டு ‘நீ’ என்று பேசுவாள். வேலை தொடங்கிய முதல் வாரம் ஏரிக்கரையோரம் போய்ப் படகுகளை எண்ணினேன். பாதிப் படகுகள் கரையில் கிடந்தன. மறுநாள் போனேன், அப்போதும் பாதி. ‘பாதிப் பேர் தொழிலை விட்டுவிட்டனர்’ என்று குறித்துக்கொண்டேன். அதைத் தனத்திடம் சொன்னபோது கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

“மொத நாளு பாத்த படகும் ரெண்டாம் நாளு பாத்த படகும் ஒண்ணா மேடம்?” என்றாள்.

ஒன்றல்ல. ஏரியில் பாடு என்று ஒரு முறை இருக்கிறது. எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை போடுவது என்று ஊரே உட்கார்ந்து முடிவு செய்து வைத்திருக்கும். இன்று பாடு இருப்பவர் போவார், இல்லாதவர் படகைக் கரையேற்றிவிட்டு வீட்டுக் கூரையைச் சரி செய்வார். நானும் இந்த ஏரியைச் சுற்றி இருக்கும் நெல் விளையும் ஊர்களில் ஒன்றில் பிறந்தவள்தான். ஆனால் எங்கள் பக்கம் தண்ணீருக்கு முறை உண்டு, மீனுக்கும் உண்டென்று தெரியாது. அறிக்கையில் அந்த வரியை அடித்தேன். அப்போதே சின்னத் திட்டத்தின் முகப்பில் பார்த்த இரண்டு பெயர்கள் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

இனி அந்த நாள். என் மகள் அபி கல்லூரி விடுமுறையில் வந்திருந்தாள். பெரிய திட்டத்தின் அண்மை வடிவத்தைச் சேர்த்துக்கொண்ட செயலியின் புதிய பதிப்பு முந்தைய வாரம்தான் எல்லாப் போன்களிலும் ஏறியிருந்தது. அதைப் படகில் உட்கார்ந்து பார்க்க ஓர் ஆள் வேண்டும். நானே போகிறேன் என்று கிளம்பிவிட்டாள். நான் எவ்வளவு பயந்தவள் என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். அவள் பள்ளிச் சுற்றுலா போன நாளில் நான் மூன்று கூட்டங்களிலிருந்து எழுந்து போன கதை உங்கள் காதுக்கும் வந்திருக்கும். ஆனாலும் அனுப்பினேன். ஏனென்றால் மேப்பில் தெரியுமே என்று நினைத்தேன். மிதவைச் சட்டை, தொப்பி, வாந்திக்கு மாத்திரை எல்லாம் கொடுத்து, போனில் மட்டும் தண்ணீர் பட்டுவிடக் கூடாது என்று நாலு தடவை சொல்லி, ஏழுமலையின் படகில் ஏற்றிவிட்டேன். ஏழுமலை தன் சொந்தப் போனைக் கடலுக்குக் கொண்டு போக மாட்டார். அது தனத்திடம் இருக்கும். அதில்தான் நாங்கள் மேப்பைப் பார்ப்போம். அபியின் போனும் தண்ணீருக்குப் பயந்து என் பையில் இருந்தது, படகுப் போனோ இடத்தை அனுப்பும், அதில் பேச முடியாது.

பத்து மணிக்குத் திரும்ப வேண்டியவர்கள். பத்துக்குப் பார்த்தேன், புள்ளி முகத்துவாரத்தில் பச்சையாக இருந்தது. கடலும் ஏரியும் சேரும் அந்த வாய்க்கு வந்துவிட்டால் கரை பக்கம்தான். பத்தரைக்கும் அங்கேயே. நேரம் மட்டும் ‘இப்போது, இப்போது’ என்று புதிதாகிக்கொண்டே இருந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது. தனம் காயப்போட்ட நெத்திலியைத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தாள். நான் இரண்டாவது டீ குடித்தேன். பதினொன்று பத்துக்குத் தனம் கையைத் துடைத்துக்கொண்டு வந்து போனை எட்டிப் பார்த்தாள்.

“இன்னா மேடம், அங்கயே நிக்குது?”

இதோ பார், இப்போது வந்த சிக்னல் என்று காட்டினேன்.

“சிக்னலு வரும். வத்தத் தண்ணி இழுக்கற நேரத்துல முகத்துவாரத்துல எவன் நிப்பான்? ஒண்ணு உள்ள வருவான், இல்லனா வெளிய போவான். படகு இன்னா கோயில் தேரா, நெலையில நிக்க?”

சொல்லிவிட்டு முகத்துவாரம் இருக்கும் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அந்தப் படகில் போயிருப்பது அவள் புருஷன்.

நம் அலுவலகத்துக்கு அழைத்தேன். அப்போதைய மேலாளர் நல்ல மனிதர், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். சர்வர் நன்றாக இருக்கிறது, பதினான்கு படகும் பச்சை, நீங்கள் பதற்றப்படாதீர்கள் மேடம் என்றார். கடைசி வார்த்தையில்தான் நான் நின்றுவிட்டேன். என் பதற்றத்துக்கு அந்த அலுவலகத்தில் எந்த மதிப்பும் இல்லை, அது நியாயமும்கூட. அம்மாவாகப் பேசினால் யாரும் கேட்க மாட்டார்கள். ஆகவே போனைக் கையில் வைத்துக்கொண்டே, இது என் மகள் இல்லாத படகு என்றால் நான் எதைப் பார்ப்பேன் என்று யோசித்தேன். அதை யோசிப்பது எவ்வளவு கஷ்டம் என்று இங்கே எழுதிக்காட்ட எனக்குத் தெரியவில்லை.

அப்போது அவர் சொன்ன முந்தைய வாக்கியம் காதில் விழுந்தது. பதினான்கும் பச்சை. ஓராண்டில் ஒரு நாள்கூடப் பதினான்கும் பச்சையாக இருந்ததில்லை. கடலில் கொஞ்ச தூரம் போனாலே சிக்னல் போய்விடும், இரண்டு மூன்று படகாவது சாம்பலாக இருக்கும். புதிய பதிப்பு ஏறியதிலிருந்து ஒரு வாரமாக எல்லாமே பச்சை. அதற்காக நாம் ஒருவரையொருவர் பாராட்டி மின்னஞ்சல்கூட அனுப்பியிருந்தோம்.

மேப்பை நிறுத்தப் போகிறேன் என்று மேலாளரிடம் சொன்னேன். வேண்டாம், கரையில் கலவரமாகிவிடும், அரை மணி பார்க்கலாம் என்றார். நிறுத்தும் உரிமை அன்று என் கணக்கில் இருந்தது. நிறுத்தினேன். எல்லோருடைய போனிலும் ‘மேப்பை நம்ப வேண்டாம், படகை நேரில் விசாரிக்கவும்’ என்று போனது.

கரையில் கலவரம் ஆனது உண்மைதான். ஐந்து நிமிடத்தில் இருபது பெண்கள் என்னைச் சுற்றி நின்றார்கள். ஓடாத வண்டியை எதற்கு விற்றாய் என்ற மாதிரி கேட்டார்கள், இன்னும் காரமாக. இலவசமாகத்தான் கொடுத்தோம் என்று நான் சொல்லித் தொலைத்தேன், அது இன்னும் மோசமாகப் போனது. ஆனால் திட்டிக்கொண்டே ஒவ்வொருத்தியும் யார் யாருக்கோ போன் போட ஆரம்பித்தாள். பன்னிரண்டு மணிக்குள் பதின்மூன்று படகுக்குச் செய்தி வந்துவிட்டது. ஏழுமலை படகு மட்டும் இல்லை. சிலர் முகத்துவாரத்துக்கு வெளியே போய்த் தேடலாம் என்று ஒரு படகைத் தள்ளத் தொடங்கினார்கள். கடைசியாக மேப் காட்டிய இடம் அதுதானே.

தனம் அவர்களை நிறுத்தினாள். கத்தவில்லை. கூட்டத்தைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

“முகத்துவாரத்தண்ட இன்னிக்கு யாரு பாடு?”

தோணிரேவு ஊர் மணி என்றார்கள். அவனுக்குப் போன் போட்டாள். பாடு இருக்கும் நாளில் ஒருவன் தன் வலைப் பக்கம் போகும் எல்லாப் படகையும் பார்த்துக்கொண்டே இருப்பான், இஞ்சின் காற்றாடி வலையைக் கிழித்துவிடும் என்ற பயம். ஆகவே அந்தப் பக்கம் அன்று எது போனது, எது வந்தது என்று கேட்டால் பதில் சொல்ல அவன் ஒருவனால் முடியும். நான் ஒரு மணி நேரமாக சர்வரைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் ஆளைக் கேட்டாள்.

மணி பார்த்திருந்தான். ஏழுமலை ஒன்பதரை தாண்டி முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து, வடக்கே பறவைகள் இருக்கும் பக்கம் திரும்பினாராம். கடல்காரனுக்கு வற்றுகிற நேரத்தில் ஏரிக்குள் என்ன வேலை என்று நினைத்தானாம். திரும்பி வரவில்லை. பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு, இன்னொருவனையும் சேர்த்துக்கொண்டு தோணியைக் கழி ஊன்றிக் கிளம்பிவிட்டான்.

அடுத்து வந்த ஒரு மணி நேரம் கையில் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் நான் என்ன ஆவேன் என்று எனக்கே பயம். மீன் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து உட்கார்ந்து, பெரிய திட்டத்தின் பக்கத்தைப் போனில் திறந்தேன். இந்த முறை எண்ணிக்கையைப் பார்க்கவில்லை, யார் எழுதியது என்று ஒவ்வொன்றாகப் படித்தேன்.

தினமும் வந்த மாற்றங்கள் அத்தனையும் ஒரு தானியங்கி செய்தவை. அது மற்ற மென்பொருள்களின் புதுப் பதிப்பு எண்ணை எடுத்து மாற்றி வைக்கும், அவ்வளவுதான். மனிதர் யாரும் எட்டிப் பார்த்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. மூடப்பட்ட புகார்கள்? அதற்கு இன்னொரு தானியங்கி. இரண்டு மாதம் யாரும் பேசாத புகாரை அதுவே ‘நடமாட்டம் இல்லை’ என்று சொல்லி மூடிவிடும். நான் தீர்ந்தவை என்று எண்ணியவை எல்லாம் பதில் கிடைக்காமல் செத்தவை. அதில் ஒன்று எங்கோ மலையில் ஆடு மேய்ப்பவர்களுக்குச் செயலி செய்யும் ஒருவர் எழுதியது. சிக்னல் போன பிறகும் சர்வரில் இருக்கும் பாதி பழைய இடத்தையே புது நேரம் போட்டுக் காட்டுகிறது, தயவுசெய்து பாருங்கள் என்று எழுதியிருந்தார். ஒரு மாதம் கழித்து, யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டிருந்தார். பிறகு தானியங்கி வந்து மூடியிருந்தது. நன்றியும் சொல்லியிருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கக் கூடாத இடம், ஆனால் வந்தது. தனம் திரும்பிப் பார்த்தாள். ஆளே இல்லாத வீட்டில் தினமும் தானாக விளக்கு எரிந்திருக்கிறது, நான் குடும்பம் சௌக்கியம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்றேன். “அதான் எங்க படகையும் எண்ணுனியே” என்றாள். அவள் கை மட்டும் என் தோளில் இருந்தது. அது என்னைத் தேற்றுவதற்கா, அவள் விழாமல் நிற்பதற்கா என்று தெரியவில்லை.

அங்கே உட்கார்ந்தபடியே சின்னத் திட்டத்துக்கு ஒரு கேள்வி எழுதினேன். இதே கோளாறு உங்களிடம் உண்டா, ஒரு படகைத் தேடிக்கொண்டிருக்கிறோம் என்று இரண்டே வரி. முகப்பில் அந்த மாதப் பொறுப்பு என்று இருந்த பெயருக்கு. இருபது நிமிடத்தில் பதில் வந்தது. எங்களிடம் அப்படி நடக்காது, சோதித்த விவரம் இங்கே இருக்கிறது, ஏழு மாதமாக மாற்ற வேண்டிய தேவை வரவில்லை என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே தனி வரியில், படகில் இருப்பவர்கள் நலமா, கிடைத்ததும் எனக்கும் சொல்லுங்கள் என்றிருந்தது.

நான் பட்டியலில் சேர்த்த புதுக் கட்டம் அன்றைக்கு வந்ததுதான். ஒரு மனிதர் இன்னொரு மனிதருக்குக் கடைசியாக எப்போது பதில் சொன்னார் என்று பாருங்கள். தெரியவில்லையா, நீங்களே ஒரு நேர்மையான கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருங்கள். இதைக் கேட்டு அமைதியான திட்டம் எல்லாம் நல்ல திட்டம் என்று கிளம்பிவிடாதீர்கள். அப்படி நானும் கிளம்பினேன். அடுத்த மாதமே இன்னொரு அமைதியான திட்டத்தைப் பார்த்து உருகி, பாடு முறை வைத்திருப்பார்கள் என்று நானே கற்பனை செய்துகொண்டு, மூன்று வாரம் பதிலுக்குக் காத்திருந்தேன். அது நிஜமாகவே செத்துப் போயிருந்தது. கரையில் கிடக்கிற படகில் ஓட்டை விழுந்த படகும் உண்டு. கிட்டே போய்த்தான் பார்க்க வேண்டும்.

என்னை யாரும் தண்டிக்கவில்லை. மேலாளர் மறுநாள் பழவேற்காட்டுக்கே வந்து, அந்த அரை மணி நேரத்துக்காக மன்னிப்புக் கேட்டார். சின்னத் திட்டத்துக்கு மாறினோம். இப்போது அதன் பொறுப்பு முறையில் நம் ஆள் ஒருவரும் சேர்ந்திருக்கிறார், அதை விட்டுவிடாதீர்கள். நான் ஓய்வுக்கு எழுதிக் கொடுத்ததற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். உங்களிடம் மட்டும் சொல்கிறேன், கொஞ்சம் இருக்கிறது. இன்றும் அபி விடுதியிலிருந்து ‘சாப்பிட்டேன்’ என்று செய்தி போட்டால், எதைச் சாப்பிட்டாய் என்று கேட்கிறேன். அதற்கு ஒரு தானியங்கி பதில் சொல்ல முடியாதே.

அன்று ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மணியின் தோணி தெரிந்தது. முன்னால் ஒரு மிதவைச் சட்டை. அதற்குக் கீழே இடுப்பு வரை கறுப்பாக இருந்தது. நான் எழுந்து கரை விளிம்பு வரை போனேன். தனம்தான் தண்ணீருக்குள் இறங்கிப் போனாள்.

நடந்தது இதுதான். பூநாரைகளைக் கிட்டே பார்க்க வேண்டும் என்று அபி கேட்டிருக்கிறாள். ஏழுமலையும் பாப்பா கேட்கிறதே என்று ஏரிக்குள் திருப்பியிருக்கிறார். தண்ணீர் வடிந்து, படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. அதற்கு முன்பே, முகத்துவார அலையில் போனில் தண்ணீர் தெறிக்குமே என்று அபி அதைப் பிளாஸ்டிக்கில் சுற்றி, ஐஸ் பெட்டிக்குள் மீனுக்கு அடியில் வைத்து மூடிவிட்டாள். அது ஒன்பது நாற்பத்திரண்டு, சிக்னல் அதோடு போனது. படகு மாட்டிய பிறகு, ஏற்றத் தண்ணீர் வரட்டும், தானாக மிதக்கும் என்று ஏழுமலை சொல்லியிருக்கிறார். பக்கத்தில் கையால் இறால் தடவிக்கொண்டிருந்த பெண்கள் ஆள் அனுப்பட்டுமா என்று கேட்டதற்கு, கடலோடி ஒருவன் ஏரிச் சேற்றில் மாட்டினான் என்று ஊருக்குத் தெரிய வேண்டாம் என்று கெஞ்சி நிறுத்தி வைத்திருக்கிறார். இரண்டு பேரும் இறங்கித் தள்ளிப் பார்த்ததில்தான் அந்தச் சேறு.

ஏழுமலை பின்னால் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். தனம் அவரை மேலும் கீழும் பார்த்தாள். “நல்லா இருக்குது. நாத்து நட்டுட்டு வந்தியா?” என்றாள். கரையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். பிறகுதான் அவள் முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

அபி சேற்றோடு நடந்து வந்து என் முன்னால் நின்றாள். முகம் வெயிலில் சிவந்திருந்தது, மற்றபடி வெகு சந்தோஷமாக இருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

“ஏம்மா இப்படி இருக்க? அங்கிள்தான் பாவம், ரொம்பப் பயந்துட்டாரு. நான் பயப்படவே இல்ல. நீ மேப்புல என்னைப் பாத்துட்டே இருப்பேனு ஜாலியா உக்காந்துட்டிருந்தேன்.”